பெரியம்மாவின் குமிழிகள்

"குமிழிதான் ஒழுங்கா வந்துட்டிருக்கே பாஸ். அதை ஏன் ஜாமீன்ல வந்த கைதியைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"வர்ற குமிழியைப் பத்தி எனக்கென்ன? நின்னுபோற குமிழியைத்தான் பிடிக்கணும்."

"காலையிலேருந்து உக்காந்து என் பின்பக்கம் நாற்காலியோட ஒட்டிப்போச்சு. எழுந்தா இதுவும் கூடவே வரும்."

"அப்போ எழுந்திருக்காதே."

கெஷே ஊக்கன் பதில் சொன்னாளே தவிர, பார்வையைத் திருப்பவில்லை. ஜெர்மனியின் எம்டன் நகரில் துப்பறிவாளர் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் ஒரே பெண் அவள்தான். பக்கத்து நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த ரெமர் அவளுடைய உதவியாளன். சம்பளத்துக்கு வேலை செய்வான், வாய் மட்டும் இலவசம்.

கால்வாய்க் கரையில் இருந்த பழைய நீரேற்று நிலையம் அது. இப்போது பவளத் தொட்டிக் கழகத்தின் கூடம். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் வெட்டியெடுத்து வைத்த கடல். நடுவில் பச்சைக் கிளைகளை விரித்துக்கொண்டு நின்றது ஒரு பெரிய பவளம். அதற்குக் கழகத்தில் பெரியம்மா என்று பெயர். உறுப்பினர்கள் ஒவ்வொருவர் வீட்டுத் தொட்டியிலும் பெரியம்மாவின் ஒரு துண்டு வளர்கிறது. யார் வீட்டிலாவது தொட்டி செத்துப்போனால், இன்னொருவர் தன் துண்டிலிருந்து ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பார். கேள்வியே கேட்காமல் கொடுக்க வேண்டும், அது இங்கே வழக்கம்.

இப்போது பெரியம்மாவே நோயில் கிடந்தாள். கிளை நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தன.

பழி முழுவதும் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் நின்ற கால்சியம் ரியாக்டர்மேல் விழுந்தது. அதைவிட அதிகமாக, அதை வசந்தத்தில் பொருத்திய ஹின்ரிகா போம்கார்டன்மேல் விழுந்தது.

"எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க பாஸ். தூக்கம் வராம இருக்கும்."

"செத்த பவளத்தை உடைச்சு அந்தக் குழாய்க்குள்ள நிரப்பியிருக்காங்க. அதுக்குள்ள கடல்தண்ணி சுத்துது. புட்டியிலேருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழி குமிழியா அந்தத் தண்ணியில கலக்குது. தண்ணி புளிச்சுப்போய் செத்த பவளத்தைக் கரைக்குது. அந்தக் கரைசல் சொட்டுச் சொட்டா மேல போகுது. பெரியம்மா அதைக் குடிச்சு எலும்பு வளர்க்கிறா."

"கீழே ஒரு சோடாக் கடை, அதுல எலும்பு சூப்பு. புரிஞ்சுது."

"கேஸ் குறைஞ்சா பெரியம்மா பட்டினி. கூடினா நுனி வெந்துபோகும். அந்த ஊசித் திருகாணியை ஒரு மயிரிழை திருப்பிட்டு, ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, இன்னொரு மயிரிழை திருப்பணும்."

திருகாணிக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. 'இந்தத் திருகாணியை ஹின்ரிகா மட்டுமே தொடலாம்.' கழகத்தின் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டு எழுதிய அட்டை.

ஹின்ரிகா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். லாரியளவு சுமையைக்கூட முட்டையை வைப்பதுபோல இறக்குகிற கை. அந்தக் கைக்கே இந்தத் திருகாணி மூன்று முறை தண்ணி காட்டிவிட்டது. மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே கதை. ஞாயிறு காலை குமிழிகள் ஒழுங்காக வரும். திங்கள் மாலை வந்து பார்த்தால் மூச்சு விட்டு விட்டு வரும். புட்டி மாற்றிச் சில நாள்தான் ஆகியிருக்கும், அதனால் திருகாணியில் அடைப்பு என்று நினைத்து அவள் கொஞ்சம் திறந்து விடுவாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் குமிழிகள் புயலாகப் பொங்கிக்கொண்டிருக்கும். பெரியம்மாவின் இன்னும் சில நுனிகள் வெளுத்திருக்கும்.

யாரோ திருகாணியைத் தொடுகிறார்கள் என்று கெஷேவிடம் வந்தாள் ஹின்ரிகா. ஹின்ரிகாவின் கைதான் சரியில்லை என்றார் கழகத் தலைவர் எக்கோ மார்டென்ஸ். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. தோற்றால் ரியாக்டர் குப்பைக்கு, ஹின்ரிகாவின் கூடத்துச் சாவி தலைவரின் சட்டைப் பைக்கு.

"சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு," என்றாள் கெஷே. "ஹின்ரிகா. தலைவர். சமையலறை பாத்துக்கிற ஃபொக்கோ."

"ஃபொக்கோ அண்ணன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அவருக்கு மீன்னா வறுத்த மீன்தான். தலைவரைப் பிடிங்க பாஸ், வீட்டுக்குப் போலாம்."

"எதை வெச்சுப் பிடிக்கிறது? முறைக்கிறதை வெச்சா?"

கெஷேவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு வாரமாகத் துருவுகிறாள், ஒரு நூல் சிக்கவில்லை. குற்றம் நடந்த இடம் ஒரு திருகாணி. ஆயுதம் காற்று. செத்துக்கொண்டிருப்பவளால் வாய் திறந்து பேச முடியாது. போதாக்குறைக்கு ஒரு சின்ன விஷயம் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று முறையில் ஒரு முறை மட்டும் புயல் செவ்வாயன்று வரவில்லை, புதனுக்குத் தள்ளிப்போயிருந்தது. அது பெந்தெகொஸ்தே பண்டிகை வாரம்.

"ரெமர், ஒரு குற்றவாளி ஏன் ஒருநாள் லேட்டா வருவான்?"

"அரசாங்க உத்தியோகமா இருக்கும். லீவு நாள்ல வில்லத்தனம் கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய ஃபொக்கோவின் வட்ட முகம் எட்டிப் பார்த்து, அந்த ஊர்ப் பாணியில் வணக்கம் சொன்னது.

"மொயின்! காலையிலேருந்து வாயில ஒண்ணும் படலையே உங்களுக்கு. டீ ஊத்திட்டேன், வாங்கம்மா. தம்பி, நீயும் வா."

கெஷே ரியாக்டரைப் பார்த்தாள். ஃபொக்கோவைப் பார்த்தாள். இந்த ஊரில் டீ வேண்டாம் என்று சொல்வது உன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். ஒரு கோப்பையோடு எழுந்துகொள்வது அதைவிட மோசம். மூன்று கோப்பை குடித்தாக வேண்டும். பிறகு கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால்தான் ஊற்றுகிற கை ஓயும்.

"சீக்கிரம் குடிச்சுட்டு வந்துடலாம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எம்டன்ல சீக்கிரம் டீயா?" என்றான் ரெமர். நாற்காலியிலிருந்து அவன் எழுந்த வேகத்தில் அது சாய்ந்து விழுந்தது.

சமையலறை மேஜையில் எல்லாம் தயார். கோப்பையடியில் கிடந்த கற்கண்டின்மேல் சூடான டீ விழுந்ததும் அது மெல்ல வெடித்தது. ஓரமாக ஊற்றிய பாலாடை உள்ளே மேகமாக விரிந்தது. கலக்கக் கூடாது. முதலில் பாலாடை, பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு. ஆனால் கெஷேவுக்கு எல்லா மடக்கும் கசப்பாகவே இறங்கியது.

ஃபொக்கோ அவர்களுக்கு முதுகு காட்டி நின்று, அலமாரியோரம் இருந்த இயந்திரத்தில் ஒரு கண்ணாடி ஜாடியைப் பொருத்தி அமுக்கினார். இயந்திரம் காசநோய்க்காரன்போல ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி அமுக்கினார். அந்த இருமலும் வரவில்லை.

"அடடா," என்று முணுமுணுத்தார். சன்னல் வழியே வெறிச்சோடிக் கிடந்த தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சிரித்தார். "குடிச்சுட்டிருங்க. பாலாடை எடுத்துட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

அவர் போனதும் ரெமர் இரண்டாவது கோப்பையை நிரப்பிக்கொண்டான்.

"தலைவர் வந்துட்டாரு, கவனிச்சீங்களா? வாசல்ல சைக்கிளைப் பூட்டிட்டிருக்காரு. ரெண்டு பூட்டு போடறாரு. ஊரும் எம்டன், ஆளும் எம்டன்."

"பேசாம குடி."

"இன்னொரு சேதி. ஹின்ரிகா மேடம் டீயே குடிக்கிறதில்லையாம். வயித்துப்புண், டாக்டர் தடா. இந்த ஊர்ல டீ குடிக்காத ஒரே ஜீவன். அதுக்கே ஓட்டெடுப்பு வெச்சிருக்கணும்."

ஃபொக்கோ திரும்பி வந்தார், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே. இயந்திரத்தின் முன் குனிந்து எதையோ திருகினார். இந்த முறை அது உஸ்ஸென்று சீறியது. பிறகு அவர் வந்து மூன்றாவது கோப்பையை ஊற்றினார். கெஷே மடமடவென்று குடித்துவிட்டுக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள்.

அந்தக் கணத்தில் தொட்டி அறையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது.

"நின்னுபோச்சு! மறுபடியும் நின்னுபோச்சு!"

அவர்கள் ஓடினார்கள். அலமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் முன்னால் எக்கோ மார்டென்ஸ் மண்டியிட்டிருந்தார். நரைத்த மீசை, கழுத்துவரை பொத்தான், கையில் போன். உள்ளே, குமிழி எண்ணும் குழாயில் ஒரு குமிழி அரைமனதோடு கிளம்பியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"கையும் களவுமா!" என்றான் ரெமர். "அப்படியே இருங்க தலைவரே, கோணம் அழகா இருக்கு."

"எதுடா களவு? நான் தொடலை. எண்ணிட்டிருந்தேன். ஓட்டெடுப்புக்கு ஆதாரம் வேணாமா? படம் பிடிச்சிருக்கேன், பாரு!"

கெஷே போனை வாங்கிப் பார்த்தாள். படத்தில் தலைவர் கதவைத் திறக்கும்போதே குமிழிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. அவர் கை திருகாணிப் பக்கமே போகவில்லை. அவர் சொன்னது உண்மை.

அவளுக்குத் தொட்டியை உதைக்க வேண்டும்போல இருந்தது. காலையிலிருந்து கண் கொட்டாமல் காத்திருந்து, மூன்று கோப்பை டீ நேரத்தில் கோட்டைவிட்டாள். சந்தேகப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரும் தன் குற்றமின்மையைத் தானே படம் பிடித்து வைத்திருக்கிறார்!

"காவல் பலமா இருக்கு மேடம்," என்றார் எக்கோ முழங்காலைத் தட்டிக்கொண்டே. "ஆளே வரலை, குமிழி நின்னுடுச்சு. இதுக்குத்தான் சொல்றேன். நான் இத்தனை வருஷம் சுண்ணாம்பைக் கையால கரைச்சு ஊத்தினேன், ஒரு நுனி வெளுத்ததா? மெஷின் சரியில்லை, இல்லேன்னா அதைத் திருகற கை சரியில்லை."

"கை சரியில்லைன்னே வெச்சுக்கோங்க, எக்கோ."

வாசலில் ஹின்ரிகா நின்றிருந்தாள். அகன்ற தோள், வெயிலில் காய்ந்த முகம். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து அலமாரி முன்னால் குனிந்தாள். குழாயைப் பார்த்தாள். 

"மூணு தடவையும் நானே கொன்னுட்டேனோன்னு தோணுது கெஷே," என்றாள் மெதுவாக. "தூக்கத்துல கூட இந்தத் திருகாணியைத்தான் திருகறேன். ஒருவேளை நிஜமாவே என் கைதானோ?" அவள் விரல்கள் தானாகத் திருகாணியை நோக்கிப் போயின.

"தொடாதீங்க!"

கெஷே போட்ட சத்தத்தில் தொட்டிக்குள் மீன்கள் சிதறின.

"குமிழி நின்னா என்ன பண்ணுவீங்க ஹின்ரிகா?"

"திறப்பேன். வேற என்ன பண்றது?"

"திறந்தா வருமா?"

"கொஞ்சம் வரும். இன்னும் திறந்தா இன்னும் வரும். சரியான கணக்கு வர்ற வரைக்கும் திறப்பேன்."

"மறுநாள் புயல்."

"ஆமா."

"நடுவுல யாரும் திருகாணியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை," என்றாள் கெஷே தனக்குத்தானே. "நீங்க திறந்து வெச்ச வாசல்லயே புயல் வந்திருக்கு. எங்கேருந்து வந்ததுங்கறதுதான் கேள்வி."

ஞாயிறு குமிழி நிற்கிறது. திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் பொங்குகிறது. பெந்தெகொஸ்தே வாரத்தில் மட்டும் ஒருநாள் தாமதம். அந்த வாரத்தில் திங்கள்கிழமையும் விடுமுறை. லீவு நாளில் வில்லத்தனம் கிடையாது என்று ரெமர் உளறினான். உளறலா அது? விடுமுறையன்று எது கிடையாது? ஞாயிற்றுக்கிழமை எது கிடையாது? சன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு கதவு திறந்திருக்கிறதா?

கடை.

கெஷே அலமாரிக்குள் கையை விட்டு, ரியாக்டரின் பின்னால் நின்ற கேஸ் புட்டியை அடியில் பிடித்துத் தூக்கினாள். அது வெறும் தகரக் குவளைபோல மேலே வந்தது.

"இது எப்ப மாத்தினீங்க?"

"போன வாரம். புதுசு. ரெண்டு மாசம் வரும்." ஹின்ரிகா நெற்றியைச் சுருக்கினாள். "தூக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே. புதுசாச்சே."

"இதுல எவ்வளவு கேஸ் இருக்குன்னு காட்டற முள் எங்கே?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மீசையைத் தடவினார். "முள் வெச்ச வால்வு எதுக்குன்னு... கழகக் காசு பாருங்க, சிக்கனமா..."

"ஹின்ரிகா, கூட்டத்துக்குப் போய் உக்காருங்க. என்ன ஆனாலும் திருகாணியைத் தொடாதீங்க. ரெமர், வா."

"எங்கே பாஸ்?"

"பாலாடை தீர்ந்துபோன இடத்துக்கு."

சமையலறை மேஜையில் அவர்கள் குடித்த கோப்பைகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் பாலாடைக் கிண்ணம். கெஷே அதை ரெமரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். விளிம்புவரை நிறைந்திருந்தது. நாங்கள் முதல் கோப்பை குடித்தபோதும் இது நிறைந்துதானே இருந்தது என்று அவன் முகம் சொன்னது. 

ஃபொக்கோ தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த ஜாடி. உள்ளே தண்ணீர் சின்னச் சின்ன முத்துகளாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சோடா இயந்திரத்தின் முதுகிலிருந்து ஒரு புட்டியின் கழுத்து தெரிந்தது. ரியாக்டரிலிருந்து தூக்கிய புட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள் கெஷே. உயரம், நிறம், மரை எல்லாம் அச்சு அசல்.

"ஞாயித்துக்கிழமை கேஸ் தீர்ந்துடுது," என்றாள். "கடை இல்லை. அதனால ரியாக்டர் புட்டி இங்கே வருது, காலிப் புட்டி அங்கே போகுது. திங்கள்கிழமை கடையில புதுசு வாங்கி ராத்திரி மறுபடி அங்கே வெச்சுடுவீங்க. சரிதானே ஃபொக்கோ?"

"ஆமாம்மா!" என்றார் அவர், பாராட்டைக் கேட்டவர்போல. "கடனா வாங்கினா மறுநாளே முழுசாத் திருப்பிடுவேன். ஒரு தடவைதான் லேட்டு, பெந்தெகொஸ்தே லீவு வந்துடுச்சு. திருகாணியை நான் தொட்டதே இல்லை. அட்டை போட்டிருக்காங்களே. புட்டியைத் தொடக்கூடாதுன்னு அட்டை கிடையாது."

"அண்ணே," என்றான் ரெமர் தழுதழுத்த குரலில், "உங்களை மாதிரி சட்டத்தை மதிக்கிற குற்றவாளியை நான் பாத்ததே இல்லை."

"குற்றவாளியா?"

கெஷே சொன்னாள். காலிப் புட்டியைப் பற்றி, அடைப்பென்று நினைத்து ஹின்ரிகா திறந்து வைத்த திருகாணியைப் பற்றி, அந்தத் திறந்த வாயில் பிறகு வந்து உட்கார்ந்த முழுப் புட்டியைப் பற்றி. சொல்லச் சொல்ல அந்த வட்ட முகத்தில் ரத்தம் சுண்டியது. அவர் பெரியம்மாவின் நுனிகளைப்போல வெளுத்துப்போனார்.

"ஒரு நாள்தானேன்னு... மீனுக்குக்கூட ஒரு வேளை தீனி போடாம விடறதுண்டே... குமிழிதானே, இங்கேயும் குமிழி, அங்கேயும் குமிழின்னு..."

"விடுங்க," என்றாள் கெஷே களைத்துப்போய். வில்லனைத் தேடி இரண்டு வாரம் அலைந்தவளுக்கு ஏப்ரன் கட்டிய ஒரு நல்லவர் கிடைத்திருக்கிறார். இவரைக் கைது செய்து என்ன செய்வது? "கூட்டத்துல வந்து இதை அப்படியே சொல்லுங்க. ஹின்ரிகா தப்பிச்சுடுவா."

அப்போது ரெமர் ஜாடியை உற்றுப் பார்த்தான். "ஒண்ணு கேக்கணும் அண்ணே. கூட்டத்துல எல்லாரும் டீதான் குடிப்பாங்க. நீங்க டீ, தலைவர் டீ. இந்த ஜாடி..."

கேள்வி பாதியில் நின்றுவிட்டது. பதில் அவன் வாயிலேயே ஏற்கனவே இருந்தது. இந்த ஊரில் டீ குடிக்காத ஒரே ஜீவன்.

ஃபொக்கோ ஜாடியின் கைப்பிடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வெறுங்கையோட மூலையில உக்காந்திருப்பாம்மா. கையில கப் இல்லாத ஆள்கிட்ட இங்கே யாரும் பேச மாட்டாங்க. ஊத்திக் கொடுக்கிற சாக்கும் இல்லை, கிட்டப் போற சாக்கும் இல்லை. ஒரு தடவை கேட்டேன், என்னதான் குடிப்பேன்னு. நாக்கைக் கடிக்கிற மாதிரி குமிழி வெச்ச தண்ணின்னா குடிப்பேன்னு சொன்னா. மறுநாளே இந்த மெஷினை வாங்கினேன். முதல் கிளாஸ் கொடுத்தப்ப சிரிச்சா. அன்னிக்கு நான் போட்ட டீயில எல்லாருக்கும் கற்கண்டு போட மறந்துட்டேன்."

ரெமர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூடத்திலிருந்து நாற்காலிகள் இழுபடும் ஓசை வந்தது. நாலு மணி. எக்கோவின் குரல் எல்லோரையும் உட்காரச் சொன்னது. மூன்றாவது கோப்பை முடியாமல் இந்தக் கழகத்தில் எந்த ஓட்டெடுப்பும் தொடங்காது. அதுவரைக்கும் நேரம் இருந்தது. கெஷே கதவிடுக்கு வழியே பார்த்தாள். ஹின்ரிகா மூலை நாற்காலியில், யாரும் பேசாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாவிக்கொத்து. ஓட்டெடுப்புவரை காத்திராமல் சாவியைத் தானே கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் போலிருந்தது. முட்டையைப்போலச் சுமை இறக்கும் அந்த விரல்கள், வளையத்தில் கோத்திருந்த கழகச் சாவியைச் சுற்றிச் சுற்றி வெளியே நகர்த்திக்கொண்டிருந்தன. இன்னும் அரைச் சுற்று பாக்கி.

பின்னால் ஃபொக்கோ தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஜாடிக்குள் பெரியம்மாவின் குமிழிகள் மேலேறி மேலேறி உடைந்தன.

"நானே எழுந்து சொல்லிடறேம்மா. சத்தியமா, எல்லார் முன்னாலயும். பெரியம்மாவைக் கொன்ன தண்ணி இதுதான்னு தெரிஞ்சா அப்புறம் என் கையால ஒரு வாய் குடிக்க மாட்டா. கடைசியா இந்த ஒரு கிளாஸை ஊத்தித் தரேன். அவ அதைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லாம இருப்பீங்களா?"